மஞ்சள் வைத்த பிளான்

புதுத் தாளைக் கொடுக்க ஆள் தேவையில்லை. யார் வேண்டுமானாலும் கொடுத்துவிட்டு வரலாம். பழைய தாளைத் திரும்ப வாங்குவதற்குத்தான் என்னைச் சம்பளம் கொடுத்து வைத்திருந்தார்கள்.

ஓசூரில் ஒரு டயர் கடையின் மாடியில், இரண்டு அறைகளில் நடந்த ஆர்க்கிடெக்ட் அலுவலகம் அது. இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த முதல் சில வருடங்கள். உள்ளறையில் ஆர்க்கிடெக்ட் சார், முன்னறையில் நானும் டிராஃப்ட்ஸ்மேனும். சிவில் டிப்ளமோ முடித்துவிட்டு நாகரசம்பட்டியிலிருந்து வந்து, மகளிர் விடுதியில் தங்கி வேலை பார்த்தேன். ஊரில் கேட்டால் பொண்ணு வீட்டுக்குப் படம் வரைகிறது என்பார்கள். நான் அங்கே ஒரு கோடுகூட வரைந்ததில்லை. வரையத்தான் சேர்ந்தேன், அது வேறு. சேர்ந்த புதிதில் ஜூஜுவாடிப் பக்கம் ஷெட் கட்ட வந்த ஒரு கம்பெனிக்காரர், உங்கள் ஆபீசில் டாக்குமெண்ட் எல்லாம் யார் பொறுப்பு என்று கேட்டார். எங்கள் சார் கொஞ்சமும் யோசிக்காமல் என் பக்கம் கையைக் காட்டினார். அன்றிலிருந்து நான் கோஆர்டினேட்டர் ஆனேன்.

ஒரு கட்டடத்தின் வரைபடம் ஒரே தடவையில் முடிவதில்லை. கட்டுகிறவருக்கு ஜன்னல் தள்ள வேண்டும், அவருடைய மாமியாருக்கு அடுப்பு திரும்ப வேண்டும், வாஸ்து பார்க்கிறவருக்கு வாசலே நகர வேண்டும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் தாளின் மூலையில் ஒரு எண் ஏறும். புது எண் போட்ட பிரதிகள் சைட்டுக்குப் போகும்போது பழைய எண் போட்டவை அத்தனையும் திரும்பி வந்தாக வேண்டும். வந்ததும் சிவப்பு மையில் 'ரத்து' என்று முத்திரை குத்தி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கிழித்துப் போட வேண்டும். கேட்க லேசான வேலைதான். ஆனால் சைட்டில் பழைய பிளானுக்கு இல்லாத உபயோகம் இல்லை. அதை விரித்துப் படுப்பார்கள், போண்டா மடிப்பார்கள், சிமெண்ட் மூட்டைக்கு அடியில் போடுவார்கள். ஒரு இடத்தில் மேஸ்திரி அதைத் தொப்பியாக மடித்துத் தலையில் வைத்திருந்தார். தலையிலிருந்து கழற்றி வாங்கிக்கொண்டுதான் வந்தேன்.

டவுன் பஸ்ஸில் உருளைத் தாள்களோடு ஏறி இறங்குவதும், அமோனியா பிரிண்ட் வாடை துப்பட்டாவிலிருந்து போகாததும், பழைய பிரதி ஒன்று குறைந்தால் சைட் முழுக்க அலைவதும் எனக்குப் பழகிப்போனது. எல்லோரும் சொல்லும் 'பாத்துக்கலாம் மேடம்' மட்டும் பழகவே இல்லை. அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு தாளில் கதவு இடப்பக்கமும் இன்னொரு தாளில் வலப்பக்கமும் இருக்கும்போது எதைப் பார்த்துக்கொள்வது? கோபக்காரி என்று பெயர் எடுத்திருந்தேன். அந்தப் பெயரால் எனக்கு வருத்தமில்லை.

அந்த நாட்களில் எங்களிடம் வீடு கட்ட வந்தவர்களில் ஒரு தம்பதி இருந்தார்கள். இருவருக்கும் ஊர் திருநெல்வேலிப் பக்கம். கல்யாணமான கையோடு ஓசூர் வந்தவர்கள். அவர் ஒரு தொழிற்சாலையில் குவாலிட்டி பிரிவில் இருந்தார். அலுவலகத்தில் நாங்கள் அவரைக் குவாலிட்டிக்காரர் என்றே சொல்வோம். பிள்ளைகள் இல்லை. மத்திகிரியில் ஒரு லைன் வீட்டில் வாடகைக்கு இருந்தார்கள். வரிசையாகக் குடித்தனங்கள், கடைசியில் எல்லோருக்கும் பொதுவாகக் கழிவறை. கல்யாணமான நாளிலிருந்து வாளியைப் பிடித்துக்கொண்டு அந்த வரிசையில் நின்றவர் அவர் மனைவி. நான் அவரை அக்கா என்று கூப்பிட்டேன். முதல் நாள் அலுவலகத்துக்கு வந்தபோது, ஒரு காலண்டர் தாளின் பின்புறத்தில் தானே வீட்டை வரைந்து கொண்டுவந்திருந்தார். மாடியில் படுக்கையறை, அதோடு சேர்ந்தாற்போல் பெரிய குளியலறை. அந்தக் குளியலறை படுக்கையறையைவிடப் பெரிதாக இருந்தது. எங்கள் சார் சிரித்துவிட்டார். சிரிங்க சார், வரிசையில நின்னவளுக்குத்தான் தெரியும் என்று அக்காவும் சிரித்தார்.

குவாலிட்டிக்காரருக்கு என் வேலை ரொம்பப் பிடித்துப்போனது. அவர்கள் தொழிற்சாலையிலும் இதே கதைதானாம். மெஷினுக்குப் பக்கத்தில் பழைய டிராயிங் ஒன்று கிடந்துவிட்டால் ஆடிட்டில் மானம் போய்விடும் என்பார். ஷிப்டு தொடங்கும்போது ஒவ்வொரு மெஷினாகப் போய், காலாவதியான தாள் எதுவும் தொங்குகிறதா என்று பார்ப்பது அவர் பொறுப்பு. என் முத்திரையைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, இது என்னம்மா பொட்டு வைக்கிற அளவுக்கு இருக்கு, எங்க கம்பெனியில தாள் முழுக்க குறுக்கால விழும் என்று கேலி செய்தார். அந்த மாடியில் என் வேலை புரிந்த ஒரே மனிதர் அவர்தான். அவர் வந்தால் எனக்குச் சந்தோஷமாகவே இருக்கும்.

பூமி பூஜை நல்லபடியாக நடந்தது. எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரு வழக்கம் உண்டு. செங்கல்லுக்கும் கடப்பாரைக்கும் வைப்பதைப் போல வீட்டு பிளானுக்கும் மஞ்சள் வைப்பார்கள். நாலு மூலையிலும் மஞ்சள், நடுவில் குங்குமம், மேலே ஒரு பூ. கற்பூரம் காட்டி, வீட்டுக்காரர் தன் கையால் அதை எடுத்து மேஸ்திரியிடம் கொடுப்பார். இதற்கென்றே தனியாக ஒரு பிரதி எடுத்துக்கொண்டு போவேன். அன்று அக்காதான் மஞ்சளைக் குழைத்துத் தடவினார். சைட் சூப்பர்வைசர் தளி பக்கத்து ஆள், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், பக்தியான மனிதர். அந்தப் பிரதிக்குப் பிளாஸ்டிக் உறை போட்டு, சைட் ஷெட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டினார். தினமும் வேலை தொடங்குமுன் சாமிக்கு ஊதுவத்தி காட்டினால் பிளானுக்கும் சேர்த்துக் காட்டுவார்.

அஸ்திவாரம் முடியும் தறுவாயில் அக்காவுக்கு வலப்பக்கம் இழுத்துக்கொண்டது. காலையில் வாளியோடு போனவர் அந்தப் பொதுக் கழிவறை வாசலிலேயே விழுந்து கிடந்தாராம். பெங்களூரில் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து கூட்டி வந்தார்கள். பேச்சு குழறவில்லை, அதுவரை புண்ணியம். வலது கையும் காலும் வரவில்லை.

நானும் சாரும் பார்க்கப் போனோம். ஒரு ரப்பர் சக்கர நாற்காலியில் உட்கார்த்தி வைத்திருந்தார்கள். எதைப் பேசுவது என்று தெரியாமல் சார் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவரும் குவாலிட்டிக்காரரும் டீ வாங்க வெளியே போனார்கள். அப்போது அக்கா இடக்கையால் என்னைக் கிட்டே கூப்பிட்டார். குவாலிட்டிக்காரர் வேலைக்குப் போகுமுன் அக்காவைத் தூக்கிக்கொண்டு அந்த வரிசையைத் தாண்டிப் போய் வர வேண்டியிருந்தது. எல்லோரும் ஒதுங்கி வழி விடுவார்களாம். வழி விடுவதுதான் தாங்க முடியவில்லை என்றார்.

"உங்க சார்கிட்ட சொல்லு பிள்ள. மாடி வேண்டாம், பெரிசு வேண்டாம். நான் ஒத்தையில போயிட்டு வர மாதிரி ஒரு பாத்ரூம் போதும். அவிய வேலைக்குப் போயிட்டா நான் யாரைக் கூப்பிடுவேன்?"

நான் சாரிடம் சொன்னேன். எங்கள் சாரைப் பற்றி எனக்கு ஆயிரம் புகார் உண்டு. ஆனால் அந்த வேலையை அவர் மனதாரச் செய்தார். வீட்டுக்குள் இருந்த மாடிப்படியை வெளியே தள்ளினார். படி இருந்த இடத்தையும் பக்கத்து ஸ்டோர் ரூமையும் சேர்த்துக் கீழேயே ஒரு குளியலறை ஆக்கினார். கீழ் அறையிலிருந்து நேராகக் கதவு. வாசற்படி கிடையாது. நாற்காலி திரும்பும் அளவுக்கு உள்ளே இடம், இடது கைக்கு எட்டும்படி சுவரில் கம்பி. நானே போய் அந்த நாற்காலியின் அகலத்தை டேப் வைத்து அளந்துகொண்டு வந்தேன். பிளான் முடிந்ததும் அதை எடுத்துப் போய் அக்கா மடியில் விரித்து, கட்டிலிலிருந்து எப்படி வர வேண்டும், எங்கே திரும்ப வேண்டும் என்று விரலால் காட்டினேன். அவர் இடது கை விரலை வைத்து அதே வழியில் ஒருமுறை போய்ப் பார்த்தார். திரும்பியும் வந்தார். நல்லா இருக்கு என்றார்.

புதுப் பிரதிகளோடு சைட்டுக்குப் போனேன். வெளிப்படிக்குப் பள்ளம் எங்கே எடுக்க வேண்டும் என்று சூப்பர்வைசருக்கும் மேஸ்திரிக்கும் காட்டிக் கொடுத்தேன். பழைய பிரதிகளைக் கேட்டேன். முனகாமல் எடுத்துக் கொடுத்தார்கள். ஒன்று குறைந்தது. அது சுவரில் இருந்தது.

"அது சாமிதுங்க மேடம். அதுல நான் கை வெக்க மாட்டேன்" என்றார் சூப்பர்வைசர்.

அதுவும் பிரதிதான் என்றேன். அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். சரி, வீட்டுக்காரரே வந்து எடுக்கட்டும் என்று எதிர்க் கடையிலிருந்து போன் செய்தேன். ஷிப்டு முடிந்து குவாலிட்டிக்காரர் மொபெட்டில் வந்து சேர்ந்தார். என் வேலை புரிந்தவர், ஒரே பேச்சில் முடிந்துவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அவர் முகம் சுருங்கிப்போனது. வேண்டாம்மா, அது அங்கேயே இருக்கட்டும் என்றார். உங்கள் கம்பெனியில் மெஷின் பக்கத்தில் ஒரு பழைய டிராயிங் இருந்தால் விடுவீர்களா சார் என்று கேட்டேன். அது கம்பெனி, இது வீடு என்றார்.

"அவ படுத்துக் கெடக்கா. அவ கையால மஞ்சள் வச்ச பிளான்ல ரத்துன்னு குத்தணும்னு சொல்லுதியளே, உங்களுக்கு மனசு வருதாம்மா?"

முத்திரை குத்த வேண்டாம், வீட்டுப் பூஜை மாடத்துக்காவது எடுத்துப் போங்கள் என்று கேட்டுப் பார்த்தேன். தளம் போடும்வரை பூஜை போட்ட இடத்தை விட்டு அது நகரக் கூடாது என்று ஐயர் சொல்லியிருக்கிறாராம். சாருக்குப் போன் போட்டேன். பாவம் மனுஷன் நொந்து கிடக்கிறார், சாமி படத்தோடு ஒன்றாக அது இருந்துவிட்டுப் போகட்டும், நீ கிளம்பி வா என்றார் சார். புதுப் பிளானைத் தவிர வேறெதையும் பார்க்கக் கூடாது என்று சூப்பர்வைசரிடமும் மேஸ்திரியிடமும் இரண்டு மூன்று தடவை சொன்னேன். பாத்துக்கலாம் மேடம் என்றார்கள்.

பிறகு நடந்தது எதுவும் பெரிய விஷயமில்லை. தனித்தனியாக எடுத்தால் எங்கள் ஊர்ப்பக்கம் எல்லாக் கட்டடத்திலும் நடப்பதுதான். ஜூஜுவாடியில் ஒரு கம்பெனிக்கு அவசரமாக ஷெட் எழும்பியது. கூலி கூட என்று தெரிந்ததும் மேஸ்திரி தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு அங்கே போய்விட்டார். அவருக்குப் பதில் தர்மபுரிப் பக்கத்திலிருந்து வேறொரு மேஸ்திரி ஆட்களோடு வந்தார். அதே சமயத்தில் சூப்பர்வைசருக்குத் தங்கை கல்யாணம், ஆனேக்கல்லில். புதுப் பிளான் பிரதிகள் அத்தனையையும் மழையில் நனையாமல் பத்திரமாகத் தன் பைக் பெட்டியில் வைத்துப் பூட்டியிருந்தார். பூட்டிய பெட்டியோடு கல்யாணத்துக்குப் போய்விட்டார். கல்யாணம் முடிந்து மறுவீடு, விருந்து என்று ஒரு மாதத்துக்கு மேல் அங்கேயே தங்கிவிட்டார்.

வந்த மேஸ்திரி பிளான் எங்கே என்று தேடவே இல்லை. உள்ளே நுழைந்ததுமே கண்ணெதிரே மாட்டியிருந்தது. மஞ்சளும் குங்குமமுமாக, மாலை போட்டு. இதைவிட நம்பிக்கையான தாள் எந்த மேஸ்திரிக்குக் கிடைக்கும்? செருப்பைக் கழற்றிவிட்டு, கும்பிட்டு, அதைப் பார்த்து அளவு எடுத்துக்கொண்டார். மற்ற இடங்களைப் போல ஆட்கள் அதன்மேல் டிபன் வைத்துச் சாப்பிடவில்லை, தொப்பி செய்யவில்லை. அத்தனை மரியாதையாக ஒரு பிளானை அவர்கள் வேறெங்கும் பார்த்திருக்க மாட்டார்கள். வெளிப்படிக்காக எடுத்த பள்ளம் எதற்கென்று புரியாமல் உடைந்த செங்கல்லைப் போட்டு மூடினார்கள்.

குவாலிட்டிக்காரர் தினமும் சாயங்காலம் சைட்டுக்கு வந்து போனார். சுவர் உயர்வதைப் பார்த்தார், மனம் நிறைந்து வீட்டுக்குப் போனார். அறைகள் எழும்பும்போது எல்லாமே சின்னதாகத்தான் தெரியும், எது எந்த அறை என்று பழகிய கண்ணுக்கே பிடிபடாது. அதற்கு மேல் நான் அவருக்காகப் பேச விரும்பவில்லை. மைக்ரான் கணக்கில் தப்புக் கண்டுபிடிக்கிறவர் அவர்.

அடுத்த தாள் வரும்வரை எனக்கு அந்த சைட்டில் வேலையில்லை. கதவு நிலைகளின் டிராயிங்கை எடுத்துக்கொண்டு நான் போனபோது, வீட்டுக்குள்ளே மாடிப்படி காங்கிரீட் போட்டு முடிந்திருந்தது. படிக்கடியில், முதல் பிளானில் விருந்தாளிகளுக்கென்று போட்டிருந்த குட்டிக் கழிவறைக்குச் சுவர் எழும்பியிருந்தது. குழாய்க்கு வாட்டம் வேண்டும் என்பதால் அதன் தரை இரண்டு படி உயரத்தில் இருந்தது. கதவுக்கு விட்டிருந்த இடத்தில் நான் கையை விரித்தேன். டேப்பே தேவைப்படவில்லை, நாற்காலி நுழையாது. ஊரிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்த சூப்பர்வைசர் ஒரு ஓரமாக நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு முன்னமே தெரிந்துவிட்டது என்று புரிந்தது. நான் கத்தினேன். வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். தர்மபுரி மேஸ்திரி மட்டும் கொஞ்சமும் பயப்படவில்லை.

"மஞ்ச குங்குமம் வெச்ச பிளானுங்க. அதையே தப்புன்னா, நாங்க எதைப் பாத்துக் கட்டறதுங்க?"

எதிர்க் கடைக்குப் போய் சாருக்கும் குவாலிட்டிக்காரருக்கும் போன் செய்தேன்.

சார் ஓடி வந்தார். பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டு ஒரு மூட்டைமேல் உட்கார்ந்தார். பிறகு எழுந்து, படியை உடைத்துவிடலாம், செலவு என்னுடையது என்றார். அவர் அப்படிச் சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவரைப் பற்றிய புகார்களில் பாதியை அன்று நான் தள்ளுபடி செய்தேன். எல்லோரும் குவாலிட்டிக்காரரைப் பார்த்தோம். அவர் புதுப்படியின் கீழ் நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தார். சென்டரிங் பலகைகள்கூட இன்னும் பிரிக்கவில்லை.

இடிக்க வேண்டாம் என்றார். எழும்பிய படியை இடித்தால் வீட்டுக்கு ஆகாது, அதுவும் ஒருத்தி படுத்திருக்கும்போது. சார் என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். கதவையாவது அகலப்படுத்தலாமா என்றால், படியின் பாரம் அந்தச் சுவர் மேல்தான் இறங்கியது. படியை எடுக்காமல் அதைத் தொட முடியாது. கேட்டுக்கொண்டே நின்ற எனக்குப் பொறுமை போய்விட்டது. அக்காவை ஒரு வார்த்தை கேளுங்கள் சார், அவர்தானே போய் வர வேண்டும் என்றேன்.

"அவகிட்ட ஒண்ணும் சொல்லாதிய. வீடு முடியுறதுக்குள்ள எந்திச்சிருவா. பெங்களூர்ல டாக்டர் சொல்லியிருக்காரு. எந்திச்சு மாடிக்கே ஏறிருவா, பாருங்க."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்த மனிதருக்குப் புதுப் பிளான் முதலிலிருந்தே பிடிக்கவில்லை. அகலக் கதவும் சுவரில் கம்பியும் போட்ட அந்தத் தாள், அக்கா இனி நடக்க மாட்டார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது போல அவருக்கு இருந்திருக்கிறது. பழைய பிளானில் அக்கா மாடியேறிப் போகிறார். அதை ரத்து செய்ய அவர் எப்படி ஒப்புக்கொள்வார்? எனக்கு அவர்மேல் கோபம் அடங்கவில்லை. ஆனால் அந்தக் கோபத்தோடு அழுகையும் வந்தது. இரண்டையும் வைத்துக்கொண்டு மத்திகிரி பஸ் ஸ்டாப்பில் நின்றேன்.

சார் இன்னொரு தடவை அவரைத் தேடிப் போய்க் கேட்டார். அவர் அதே பதிலைச் சொன்னார். வீடு அவருடையது. வேலை நடந்தது.

கிரகப்பிரவேசத்துக்குள் அக்கா எழுந்துகொள்ளவில்லை. நல்ல நேரம் பார்த்து நாற்காலியோடு தூக்கி உள்ளே கொண்டுவந்தார்கள். பட்டுச்சேலை, தலை நிறையப் பூ. ஹாலில் நிறுத்தினார்கள். எதிரிலேயே படி, படிக்கடியில் கழிவறை, அதன் குறுகிய கதவு. அக்கா அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். தன் விரலால் போய்ப் பார்த்துவிட்டு வந்த வழி அந்த வீட்டில் இல்லை என்பது அவருக்கு ஒரு நொடியில் தெரிந்துவிட்டது. என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட ஏதாவது சொல்லித் தொலைத்திருப்பேன்.

சொந்தக்காரர்கள் வரிசையாக மாடி ஏறிப் போய்விட்டு வந்தார்கள். மாடிக் குளியலறையைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் எல்லோரும் அக்காவின் அருகில் நின்று அதைப் புகழ்ந்தார்கள். எவ்வளவு பெரிசு, என்ன டைல்ஸ், நீ கேட்டபடியே கட்டிக் கொடுத்துட்டாரே என்றார்கள். உண்மைதான். காலண்டர் தாளில் அக்கா வரைந்த அளவிலேயே அது இருந்தது. அக்கா ஒவ்வொருவருக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார். நான் சாப்பிடாமல் கிளம்பிவிட்டேன். சாரிடம் தலைவலி என்றேன்.

அதன்பின் சில மாதங்கள் அந்தப் பக்கமே போகவில்லை. வேறு சைட்டுகள், வேறு தாள்கள். பழைய பிரதிகளை வாங்குவதில் முன்னைவிட மோசமான ராட்சசியாகிவிட்டேன் என்று டிராஃப்ட்ஸ்மேன் சொன்னான். பூஜைக்குத் தனிப் பிரதி கொண்டுபோவதை நிறுத்திவிட்டேன். வெறும் வெள்ளைத் தாளைச் சுருட்டி மஞ்சள் வையுங்கள் என்று கொடுத்தேன். சில பேர் முகம் சுளித்தார்கள். சுளித்தால் சுளிக்கட்டும்.

ஒரு சித்திரை மாதம், அந்த வீட்டைக் கட்டி முடித்தபடி வரைந்த கடைசிப் படங்களை ஒப்படைக்க வேண்டி வந்தது. தபாலில் அனுப்பலாமா என்று சாரிடம் கேட்டுப் பார்த்தேன். மரியாதையாக இருக்காது, நேரில் போய்க் கொடுத்துவிட்டு வா என்றார். குவாலிட்டிக்காரருக்கு வாரவிடுமுறையாக இருந்த நாளில் மதியம் போனேன். நல்ல வெயில். மின்விசிறிக்குக் கீழே நாற்காலியில் அக்கா இருந்தார். பாதியாக இளைத்திருந்தார். உதடு வெடித்திருந்தது. பக்கத்து ஸ்டூலில் ஒரு செம்பு நிறையத் தண்ணீர், மேலே தம்ளர் கவிழ்த்து வைத்திருந்தது. பாயைப் போட்டு என்னை உட்காரச் சொன்ன குவாலிட்டிக்காரர், பிஸியோதெரபி பற்றி, விரல் லேசாக அசைவது பற்றி விடாமல் பேசினார். நல்ல மனிதர், அதை இன்றைக்கும் சொல்வேன். காலையில் வேலைக்குப் போகுமுன் ஒரு தடவை, சாயங்காலம் வந்ததும் ஒரு தடவை அவர்தான் அக்காவைத் தூக்கி, அந்த இரண்டு படியையும் ஏறி, குனிந்து, கதவுக்குள் பக்கவாட்டில் நுழைத்துக் கொண்டுபோய் வந்தார். ஆஸ்பத்திரியில் கொடுத்த பெட்பேன் கட்டிலுக்கு அடியில் இருந்தது. அதை வைத்துக் கொடுக்கவும் எடுக்கவும் ஒரு ஆள் வேண்டுமே. பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிடலாம் என்றால் அக்கா ஒப்புக்கொள்வதில்லையாம்.

ஆனாலும் முன்னைக்கு இப்போது ரொம்பத் தேவலை என்றார் அவர். முன்பெல்லாம் பகலில் அவசரம் வந்து தவித்துப்போவாளாம். இப்போது அந்தத் தொந்தரவே இல்லையாம்.

"இந்த வெயில்லகூட அவளுக்குத் தாகமே எடுக்கதில்லம்மா. தண்ணி வச்சது வச்சபடியே இருக்கும். மருந்து உடம்புல பிடிக்குதுன்னு நெனைக்கேன்."

அவர் முகத்தில் அவ்வளவு நம்பிக்கை இருந்தது. நான் அக்காவைப் பார்த்தேன். அவர் என் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. சார், அது தாகம் இல்லாததால் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் எனக்கு மோர் கொண்டுவருவதற்காக எழுந்து சமையலறைக்குள் போய்விட்டார்.

அக்காவின் இடது கை என் மணிக்கட்டைப் பிடித்தது. அந்தக் கையில் அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

"அவியகிட்ட சொல்லிராத பிள்ள. செத்துப்போவாவ."

அவர் இரண்டு தம்ளர்களில் மோர் கொண்டுவந்தார். எனக்கு ஒன்று, அக்காவுக்கு ஒன்று. எனக்குக் கொடுத்ததை நான் குடித்து முடித்தேன். மற்றதை அக்கா வேண்டாம் என்று தலையாட்டவும், பார்த்தீர்களா என்பதைப் போல என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அதை அவரே குடித்தார்.